இன்னொரு வழக்கு

"இந்தக் கதவைத் தாண்டி நீ எங்கயும் போக முடியாது. நீ எனக்கு மட்டும்தான்."

நீதிமன்ற வராந்தாவில் என் போன்தான் இப்படிக் கத்தியது. இயர்போன் சரியாக இணையவில்லை போலிருக்கிறது. பதறி அணைத்தேன்.

அதற்குள் பக்கத்தில் கண்ணயர்ந்திருந்த என் கட்சிக்காரி விழித்துவிட்டாள். முகம் வெளிறியிருந்தது.

அவள் தையல்காரி. புருஷன் அவளை நாற்பத்தொரு நாள் ஓர் அறையில் பூட்டி வைத்திருந்தான். இன்றைக்குச் சாட்சி சொல்ல வேண்டும். காலையிலிருந்தே, வேண்டாம், திரும்பிப் போய்விடலாம் என்று என்னிடம் அழுதுகொண்டிருந்தாள்.

அவள் கண்ணை மூடிய நேரத்தில்தான் நான் கதையைப் போட்டேன்.

ஒலிக்கதை. பணக்காரன் ஒருவன் ஒரு பெண்ணைக் கடத்தி மாளிகையில் அடைக்கிறான். அவளும் மெல்ல மெல்ல அவன்மேல் மயங்குகிறாள். இந்த மாதத்தில் இது எனக்கு ஆறாவது.

போன வாரம் ஒரு கல்லூரி மேடையில் இதே மாதிரிக் கதைகளைக் கிழிகிழியென்று கிழித்துவிட்டு வந்தேன். நல்ல கைதட்டல்.

"யாருக்கா அது?"

"இன்னொரு வழக்கு. ஆதாரத்துக்காக ரெக்கார்ட் பண்ணது." நாக்கு கொஞ்சமும் கூசவில்லை.

"அந்தப் பொண்ணு இன்னும் உள்ளயா இருக்கா?"

தலையாட்டினேன்.

அவள் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

கூண்டில் ஓர் இடத்தில்கூடத் தடுமாறவில்லை. பூட்டு, ஜன்னலில் அடித்த பலகை, கதவிடுக்கில் தள்ளிய தட்டு, எல்லாவற்றையும் சொன்னாள். எதிர்த்தரப்பு வக்கீல் மடக்கி மடக்கிப் பார்த்தார். மசியவில்லை. புருஷன்தான் தலையைக் குனிந்துகொண்டான்.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவள நெனச்சுக்கிட்டேதான்க்கா சொன்னேன். சீக்கிரம் வெளிய கொண்டுவந்துடுங்க."

கொண்டுவந்துவிடலாம் என்றேன். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

அவளைத் தங்கையோடு வண்டி ஏற்றிவிட்டு, அலுவலகத்துக்கு வந்து கதவைச் சாத்தினேன். அந்தக் கதையை அழித்துவிட வேண்டும், இனி இந்தப் பக்கமே போகக் கூடாது என்றுதான் போனை எடுத்தேன்.

அழிக்கும் முன் ஒரே ஒரு நிமிடம் மட்டும்.

மாளிகையில் காவலாளி தூங்கிவிட்டான். அவள் பின்கதவின் தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் விலக்குகிறாள். எதிரே சாலை தெரிகிறது. ஓட வேண்டியதுதான் பாக்கி.

"போகாதடி" என்றேன்.

வாய்விட்டே சொல்லிவிட்டேன்.