வெள்ளைப் புகை

நான் ஆக்சிலேட்டரை மிதித்ததும் கரும்புகை குபுகுபுவென்று கிளம்பி, ஷெட்டுக்கு எதிரே கொடியில் காய்ந்த யாருடைய வேட்டியையோ நாசம் செய்தது.

காருக்குப் பின்னால் இடுப்பில் கைவைத்து நின்றிருந்த ஸ்தனிஸ்லாஸ் அண்ணன், வெள்ளைப் புகை என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொள்ளவில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் தலை நரைக்கும் வரை டாக்சி ஓட்டிய மனுஷன் பேசுகிற பேச்சா இது?

வெள்ளை என்றால் இன்ஜினுக்குள் தண்ணீர் இறங்குகிறது. கறுப்பு என்றால் வண்டிக்குக் காற்று போதவில்லை, பெட்ரோல் வீணாக எரிகிறது. வண்டி கழுவுகிறவனுக்குக்கூடத் தெரிந்த சங்கதி.

அன்று காலையில்தான் தகுதிச் சான்று வாங்க எஃப்.சி.க்குப் போன அந்தப் பழைய அம்பாசிடரைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். புகையைச் சரிசெய்து நாளைக்குக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் டாக்சி ரோட்டில் ஏறக்கூடாது. ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் கான்வென்டுக்குக் கூட்டிப்போகிற ஏழு பிள்ளைகளும் வேறு வண்டிக்குப் போய்விடுவார்கள். அண்ணன் வீட்டில் அடுப்பெரிவது அந்தப் பிள்ளைகளால்தான்.

திருப்பி அனுப்பிய பிரேக் இன்ஸ்பெக்டரின் லட்சணத்தையும் அண்ணனே சொன்னார். ஹாரன் அடிக்கச் சொன்னாராம். வைப்பர் போடச் சொன்னாராம். பிறகு கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, புகை என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாராம். புகை எதனால் வருகிறது என்று பார்ப்பது அவர் வேலையில்லையாம். இதற்கு ஒரு காக்கி உடுப்பு, ஒரு ஜீப்.

ஸ்டாண்டு மேதாவிகள் அவருக்குமேல். கார்பரேட்டர்தான் என்று நசுருதீன் சத்தியம் செய்தானாம். பொன்மலை ரயில் பட்டறையில் வேலை பார்க்கும் அண்ணனின் மச்சினர் இன்ஜினையே மாற்றச் சொன்னாராம். ரயில் பெட்டிக்குப் பெயின்ட் அடிக்கிறவர் அவர்.

அண்ணன் மட்டும் லேசுப்பட்டவரா? முன் பம்பரில் புதிதாக ஒரு நசுங்கல் இருந்தது. கேட்டால் ஜங்ஷனில் ஒரு ஆட்டோக்காரன் குறுக்கே விழுந்தான் என்றார். இடது பக்கக் கதவில் நீளமாக ஒரு சிராய்ப்பு. அது மாடு உரசியதாம். சிராய்ப்பு முழுக்க வெள்ளைச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. காவிரிப் பாலத்துக் கைப்பிடிச் சுவருக்குக் கொம்பு முளைத்து எதிரே வந்திருக்கும்போல.

வயதானால் கை தடுமாறும், வாய் மட்டும் குறையாது என்று நினைத்துக்கொண்டு பானெட்டைத் தூக்கினேன்.

பின்சீட்டிலிருந்து அவர் மனைவி அக்னஸ் அண்ணி இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் அதுவரை என் ஷெட்டுப் பக்கம் வந்ததில்லை. புருஷனுக்கு டாக்சி போய்விடுமோ என்ற கவலை, பாவம் என்று நினைத்தேன்.

இன்ஜினுக்குக் காற்று போகும் ஏர் கிளீனரின் வாயைப் பார்த்ததும் விஷயம் முடிந்துவிட்டது. உள்ளே ஒரு துணி. முக்கால்வாசி அடைத்துக்கொண்டு, கரி படிந்து கிடந்தது. இழுத்து உதறினேன். காவித்துணி. வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் உடுத்துவது.

இந்த ஜனங்களை என்ன செய்வது? எங்கள் ஆட்களும் சளைத்தவர்கள் இல்லை. ஆயுத பூஜை முடிந்த மறுநாள் என் ஷெட்டுக்கு வருகிற வண்டியில் பாதி, ஸ்பார்க் ப்ளக்கில் சந்தனம் அப்பியதால் நின்றுபோனவைதான். சாமி வண்டியைக் காப்பாற்றுமாம். சாமியிடமிருந்து வண்டியைக் காப்பாற்ற நான் இருக்கிறேன்.

மாதாவுக்கு நேர்ந்த துணியை இன்ஜின் மூச்சுவிடுகிற இடத்திலா கட்டுவது என்று அண்ணியிடம் கிண்டலாகவே கேட்டேன்.

அவர் வெட்கப்படவில்லை. தூக்கியிருந்த பானெட்டுக்கு அந்தப் பக்கம் கணவர் நிற்பதை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நேர்த்தியெல்லாம் இல்ல தம்பி, நான்தான் அடைச்சு வச்சேன். அவருக்கு இப்ப எல்லாமே வெள்ளையாத்தான் தெரியுது. கண்ணாஸ்பத்திரிக்கு வாங்கன்னா, வண்டி ஓடுற வரைக்கும் வர மாட்டேங்கிறாரு."

துணி என் கையில் இருந்தது. அதை வீசிவிட்டால் நாளைக்கு வண்டி பாஸாகிவிடும். அந்த மூக்குப்பொத்தி இன்ஸ்பெக்டர் வண்டியைத்தான் பார்ப்பார். வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் மனுஷனின் முகத்தைப் பார்க்கவா போகிறார்?

நான் மட்டும் என்னத்தைப் பார்த்துக் கிழித்தேன்?

குனிந்து அந்த இடது பக்கக் கதவை மறுபடி பார்த்தேன். சுண்ணாம்புக் கோடு முன்கதவில் தொடங்கி, பிள்ளைகள் சாய்ந்து உட்காரும் பின்கதவு வரை போயிருந்தது.

துணியை மடித்து, இருந்த இடத்திலேயே திணித்தேன். முன்னைவிட இறுக்கமாக. பானெட்டை இறக்கினேன்.

பின்பக்கம் போய் அண்ணனிடம், வெள்ளைப் புகைதான் என்றேன். தண்ணீர் இறங்குகிறது, இன்ஜினைப் பிரிக்க வேண்டும், சாமான் மெட்ராஸிலிருந்து வந்து சேர மாசக்கணக்கில் ஆகும், அதுவரை வண்டி ஷெட்டில்தான் நிற்கும் என்று அடுக்கினேன். வாய் கூசியது. என் ஷெட்டில் இப்படி ஒரு பொய்யை நான் சொன்னதில்லை.

அண்ணன் முகம் கொஞ்ச நேரம் தொங்கிப்போயிற்று. பிறகு, தான் சொன்னது சரியாகிவிட்ட சந்தோஷம் அதில் மெல்ல ஏறியது. என் தோளில் ஓங்கித் தட்டினார்.

"நான் அப்பவே சொன்னேன்ல. புகையோட கலர்கூடத் தெரியாம நீயெல்லாம் என்னடா மெக்கானிக்கு?"

நாளைக்கு ஸ்டாண்டு முழுக்க இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நசுருதீன் ஒரு வருஷத்துக்கு விடமாட்டான்.

ஆமாண்ணே என்று சொல்லிவிட்டு, அவரிடமிருந்த மாற்றுச் சாவியையும் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.