நாற்பத்து மூன்று சிவப்புக் கோடு

“ஒரே ஒரு ரெக்கார்டை எடுத்துக் காட்டுங்க சார். இப்பவே.”

செயலாளரின் டீ கோப்பை வாய்க்குப் போகிற வழியிலேயே நின்றது. ‘தலைவர்கிட்ட எதை வேணும்னாலும் கேளு, ரெக்கார்டைக் காட்டுங்கன்னு மட்டும் கேட்டுடாதே’ என்று அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவைத்தவர் அவர்தான். மூன்று வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தவள், அவள் தொகுத்த புத்தகம் அச்சுக்குப் போகிற நாளாகப் பார்த்துக் கேட்கிறாள்.

மேசைக்கு அந்தப் பக்கம், பழைய இசைத்தட்டு சேகரிப்போர் சங்கத் தலைவர். ‘தங்கக் காது’ என்றால்தான் ஊருக்குத் தெரியும். பழைய ரெக்கார்டு எதுவானாலும் நாலு விநாடி கேட்டால் போதும், வாசித்த விரல் யாருடையது என்று சொல்லிவிடுவார் என்று பேர். அவர் முதுகுக்குப் பின்னால் கூரை வரைக்கும் பூட்டிய அலமாரிகள்.

மேசைமேல் அவளுடைய மூன்று வருடம் கிடந்தது. ஜிப்ஸி ஜாஸ் என்று ஓர் இசை ஐரோப்பாவில் உருவான காலத்திலேயே கிட்டார் வாசித்த ஒரு நாடோடிக் கலைஞர், பதினாறு வயதிலிருந்து சாகும்வரை எந்த நாளில், எந்தக் கூடத்தில், யாரோடு, என்ன பதிவு செய்தார் என்ற முழுப்பட்டியல். கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதி எழுதிக் கை வீங்கி, பழைய கடைகளில் தூசி தின்று, ரெக்கார்டில் பொறித்த பொடி எண்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துச் சேர்த்தது.

அதில் நாற்பத்து மூன்று வரிகளின்மேல் சிவப்புக் கோடு. ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரே வாசகம்: ‘நான் கேட்டதில்லை. நீக்கவும்.’

“இதெல்லாம் அவர் சின்ன வயசுல அக்கார்டியன்காரங்களுக்குப் பின்னாடி உக்காந்து வாசிச்சது சார். ரெக்கார்டுல அவர் பேரைப் போடல. ஆனா கம்பெனிப் பதிவேட்டுல ஒவ்வொரு நாளும் அவரோட கைநாட்டு இருக்கு. நகல் வச்சிருக்கேன்.”

“கைநாட்டு பாடுமா?” என்று சிரித்தார் தங்கக் காது. “காதால கேட்டாத்தாம்மா பாட்டு. என் காதுக்கு வராதது உலகத்துலயே இல்ல. நீ லிஸ்ட்டுக்காரி, லிஸ்ட்டைப் போடு. வீட்டுல முதல்முதலா படிச்சு வர்றவங்களுக்கு இது ஒரு வியாதி. தாளைக் கண்டா சாமியைக் கண்ட மாதிரி!”

செயலாளர் கடமைக்குச் சிரித்தார். அவளுக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. மூட்டை தூக்கும் அப்பாவும் கைநாட்டுதான். அந்த விரல் ரேகைக்குக்கூட இவர் காது சாட்சி சொல்ல வேண்டுமோ?

“சரி சார். உங்க காதுதான் கணக்கு. எழுபத்தொண்ணாம் பக்கம், கடைசி வரி. இதுக்கு மட்டும் பச்சைல டிக் போட்டு, ‘கேட்டிருக்கிறேன், என்னிடம் உள்ளது’ன்னு எழுதியிருக்கீங்களே?”

கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். “ஆமா. இருக்கு. அதுக்கென்ன?”

“எப்படி இருக்கும் சார் அந்தப் பாட்டு? நடுவுல கிளாரினெட் வருமா?”

“வருமாவா! கிளாரினெட் அழும், கிட்டார் அதுக்குக் கண்ணைத் தொடச்சு விடும். இருபது வயசுல கேட்டேன். மூணு நாள் சோறு இறங்கல.”

“நானும் கேட்டிருக்கேன்மா, சார் வீட்டுல” என்று செயலாளரும் கண்ணை மூடித் தலையாட்டினார். “அடடா!”

“அப்ப எடுங்க. ஒரே ஒரு தடவை ஊசி வைங்க.”

“ஊசி பட்டாத் தேயும். உலகத்துல மிச்சம் இருக்கறதே அது ஒண்ணுதான்.”

“ஒண்ணுதான்னு எப்படித் தெரியும்?”

“எனக்குத் தெரியாம இன்னொண்ணு எப்படி இருக்கும்?” மேசையைத் தட்டினார். “வாய் ரொம்ப நீளுது. கையெழுத்தைப் போடு. ‘சரிபார்த்துத் தொகுத்தவர்’னு உன் பேரு வருது, உங்கப்பன் மூட்டை தூக்கற இடத்துல காட்டிப் பெருமைப்பட்டுக்கட்டும். போடலேன்னா நாளைலேர்ந்து இந்தப் படி ஏறாதே.”

அவள் பேனாவை எடுத்தாள். மூடியைப் போட்டு, திரும்ப அவர் பக்கமே உருட்டிவிட்டாள்.

“காலைலயே பட்டியலைப் பல்கலைக்கழக நூலகத்துக்கு அனுப்பிட்டேன் சார். அந்த நாப்பத்து மூணும் அதுல இருக்கு, கைநாட்டு நகலோட. வர்றவங்க போறவங்க யாரு வேணும்னாலும் பார்க்கலாம்.”

“யாரைக் கேட்டு அனுப்புனே?” நாற்காலி பின்னால் சரிய எழுந்தார். “என் காது படாத பட்டியலை எவன் நம்புவான்?”

“ஒரே ஒரு வரியை மட்டும் எடுத்துட்டேன். உங்க கிளாரினெட் அழுத வரி.”

“அதையா? இருக்கறதுலயே அபூர்வமான ரெக்கார்டு அது! அதை எதுக்கு எடுத்தே?”

அவள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். செயலாளர் பின்னாலேயே ஓடிவந்து, “ஏம்மா, கேக்கறாருல்ல, பதில் சொல்லிட்டுப் போம்மா!” என்றார்.

படியில் கால் வைத்தபடியே, திரும்பாமல் சொன்னாள்.

“லிஸ்ட்டைத் திருடறவங்களைப் பிடிக்க உள்ளே ஒரு பொய் வரி வைக்கறது லிஸ்ட்டுக்காரிங்க வழக்கம் சார். அப்படி ஒரு ரெக்கார்டே கிடையாது.”