சொரசொரப்பான இலை

"சார், செடியை மொட்டையடிச்சிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவீங்களா?"

பேராசிரியை கேட்டதும் ஆய்வகமே சிரித்தது. அறிவியல் ஆசிரியர்களுக்கான தாவரவியல் பயிற்சியின் கடைசி நாள் அது. இலையின் அடிப்பக்கத்தில் நெயில் பாலிஷ் பூசி, காய்ந்ததும் டேப் ஒட்டி உரித்தால், இலையின் மேனி அப்படியே அச்சாக வந்துவிடும். மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் இலைத்துளைகள் பளிச்சென்று தெரியும்.

ஊரெல்லாம் பிள்ளைகளை மிரட்டுகிறவர்கள், தாங்கள் மாணவர்களானால் மட்டும் மணியடிக்கும் முன்பே பையைத் தூக்கிவிடுகிறார்கள். எல்லோரும் பார்த்து முடித்துக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கடைசி பெஞ்ச் சார் மட்டும் விடாக்கண்டனாக உட்கார்ந்திருந்தார். அவர் உரித்ததெல்லாம் கிழிந்துகொண்டே இருந்தது.

"அவசரப்படறீங்க சார். நல்லா காயட்டும். அப்புறம் ஓரத்துலேருந்து மெதுவா எடுங்க."

"இன்னொரு தடவை பார்க்கறேங்க மேடம்."

"அதுவும் ஏன் இந்தச் சொரசொரப்பான இலையையே பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க? வழவழப்பானதுல சுலபமா வருமே!"

"இல்லீங்க. இதுல வந்தாத்தான் எனக்கு வேலையாகும்."

பிடிவாதத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா என்று பேராசிரியைக்கு எரிச்சலாக இருந்தது.

"நாளைக்கு உங்க ஸ்கூலுக்கு அதிகாரி யாராவது வர்றாங்களா?"

"நாளைக்குச் செய்யணும் மேடம். ஒரே தடவைதான். பிசகிடுச்சுன்னா அவ்வளவுதான்."

"இதுக்குப் போய் இவ்வளவு பயமா? கிழிஞ்சா இன்னொண்ணு பறிச்சுக்குங்க. இலைக்கா பஞ்சம்?"

அவர் இன்னோர் இலையில் பூசிவிட்டுக் காத்திருந்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"எடுத்த அச்சு எத்தனை நாளைக்குங்க தாங்கும்?"

"கண்ணாடித் தகட்டுல ஒட்டி வச்சா வருஷக்கணக்கா இருக்கும். பாடம் நடத்த ஒரு நாள் போதுமே சார்!"

இந்த முறை கிழியவில்லை. முழுசாக, ஓரம்கூடச் சிதையாமல் வந்தது. அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஓர் இலைக்கா இந்த மனுஷன் அழுகிறார் என்று பேராசிரியைக்குச் சிரிப்பு முட்டியது.

"பாஸ் பண்ணிட்டீங்க சார்! நாளைக்கு எந்த இலையில செய்யப் போறீங்க?"

"இலை இல்லீங்க மேடம்." அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வாடகை வீட்டை நாளைக்குக் காலி பண்றோம். முன்ன ஒரு தடவை வாசல் கதவுக்குப் பெயிண்ட் அடிச்சப்ப, காயறதுக்குள்ள என் பொண்ணு ஓடி வந்து கட்டைவிரலை அழுத்திட்டா. ரேகையெல்லாம் மேடும் பள்ளமுமா அப்படியே இருக்கு. போட்டோ எடுத்தேன், அதைத் தடவிப் பார்க்க முடியலை."

பேராசிரியையின் சிரிப்பு நின்றுவிட்டது.

"போன மழையில காய்ச்சல் வந்து போயிட்டா மேடம். இது கிழிஞ்சா இன்னொண்ணு வச்சுக் கொடுக்க அவ இல்லீங்களே."