கொட்டாவி வராத அம்மாள்

அந்த அம்மாளைத் தவிர அறையிலிருந்த அத்தனை பேரும் கொட்டாவி விட்டாயிற்று.

பேராசிரியருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் அந்த ஒரு வாய் மட்டும் மூடியே கிடந்தது அவர் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது.

பாதி ஆயுளைக் கொட்டி அவர் எழுதிய ஆராய்ச்சி நூலின் பெயர், 'கொட்டாவியின் பண்பாட்டு வரலாறு'. அரசவையில் கொட்டாவி, போர்க்களத்தில் கொட்டாவி, மணமேடையில் கொட்டாவி என்று தலையணை கனத்துக்கு எழுதித் தள்ளியிருந்தார். சாரம் என்னவோ ஒரே வரிதான். கொட்டாவியைப் பற்றிக் கேட்டாலே கொட்டாவி வரும். இதைப் படிக்கிற உங்களுக்கு இப்போது வாய் திறந்தால் அதற்கும் அவர்தான் பொறுப்பு.

அதை அவர் கொடுத்திருந்த பதிப்பகத்தில் ஒரு வழக்கம். அறிவியலோ வரலாறோ, எழுதியவரே நேரில் வந்து தேர்வுக் குழுவுக்கு ஓர் அத்தியாயம் வாசித்துக் காட்ட வேண்டும். முடிந்ததும் அறையில் இருக்கிற உறுப்பினர்களில் ஒருவராவது கை தூக்கினால் புத்தகம் அச்சுக்குப் போகும். ஒரு கையும் எழவில்லை என்றால் காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மறுபேச்சு கிடையாது.

அப்படித் திரும்பி வந்தால் என்ன ஆகும் என்று மனைவி காலையிலேயே சொல்லிவிட்டாள்.

"என் பீரோ முழுக்க உங்க குறிப்புங்க. என் துணியெல்லாம் சமையலறையில தொங்குது. இன்னிக்கு ஒரு வழி பிறக்கலைன்னா நான் அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்."

சொன்னாளே தவிர, கூடவே வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முதல் கொட்டாவியை விட்ட புண்ணியவதியும் அவள்தான்.

அது குழுவிலிருந்த கணக்குப் பேராசிரியருக்குத் தாவியது. அவரிடமிருந்து வேதியியல்காரருக்கு. குழுத் தலைவருக்குத் திறந்த வாய் மூடவே இல்லை. பக்கத்திலிருந்தவர் தாடையில் ஒரு தட்டு தட்டி மூடிவிட வேண்டியிருந்தது.

"பார்த்தீங்களா! இதுதான் ஆதாரம்!" என்று துள்ளினார் பேராசிரியர்.

குழுவின் இன்னொரு உறுப்பினரான தாவரவியல் அம்மாள் மட்டும் அசையவில்லை. தனக்குத் தந்த பிரதியை விரித்து வைத்துக்கொண்டு, கையில் பென்சிலோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் தங்கள் பிரதிகளின் மேல் தலை சாய்த்து வெகுநேரம் ஆகியிருந்தது.

பேராசிரியர் அவளைப் பார்த்தே வாசித்தார். குரலை இழுத்து இழுத்து வாசித்தார். கடைசியில் அவள் முன்னால் போய் நின்று, தானே வாயைப் பிளந்து, ஓசையோடு முழுசாக ஒரு கொட்டாவி விட்டுக் காட்டினார்.

அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "முடிஞ்சுதா சார்?"

பேராசிரியருக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டது.

"தலைவரே! வேணும்னே வாயை மூடிக்கிட்டு என் ஆராய்ச்சியைப் பொய்யாக்கப் பார்க்கறாங்க. இவங்க இங்க இருந்தா நான் மேல வாசிக்க மாட்டேன்!"

"ஏங்க, சும்மா இருங்க. அந்தம்மா பாட்டுக்கு உட்கார்ந்திருக்காங்க" என்று மனைவி பின்னாலிருந்து கிசுகிசுத்தாள்.

"உனக்குத் தெரியாது. எல்லாம் பொறாமை."

தலைவர் கொட்டாவிக்கு நடுவே ஏதோ சொன்னார். சம்மதம் என்று பேராசிரியர் எடுத்துக்கொண்டார். அம்மாள் எழுந்தாள். சண்டை போடவில்லை, முகம்கூடச் சுளிக்கவில்லை.

"இந்தப் பிரதியை எடுத்துக்கிட்டுப் போகலாமா?"

"தாராளமா! படிச்சாலாவது வருதான்னு பாருங்க."

கதவு சாத்திக்கொண்டது. மிச்சத்தை நிம்மதியாக வாசித்து முடித்தார். இப்போது அறையில் கொட்டாவி விடாத ஜீவன் என்று ஒன்றுகூட இல்லை. இரண்டு பேர் அதையும் தாண்டிக் குறட்டைக்குப் போயிருந்தார்கள்.

தலைவர் மேசையைத் தட்டி அவர்களை எழுப்பினார். "சரி, ஆதரிக்கறவங்க கை தூக்குங்க."

கணக்குப் பேராசிரியரின் கை மேலே எழுந்தது. பேராசிரியருக்கு உயிர் வந்தது. அந்தக் கை நேராக வாய்க்குப் போய், இன்னொரு கொட்டாவியை மூடிவிட்டு, மடியில் இறங்கிக்கொண்டது.

வேறு எந்தக் கையும் எழவில்லை.

"என்ன சார் இது அநியாயம்? எல்லாரும் கொட்டாவி விட்டீங்களே!"

"விட்டோம், இல்லைன்னு சொல்லல" என்றார் தலைவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ஆனா அது கொட்டாவியைப் பத்திக் கேட்டதால வந்துச்சா, நீங்க எழுதினதைக் கேட்டதால வந்துச்சான்னு எங்களுக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியல. கூட்டம் முடிஞ்சது. வழக்கம் உங்களுக்கே தெரியும்."

பேராசிரியர் காகிதக் கட்டை அள்ளிக்கொண்டார். அழுகை வந்தது. எல்லாம் அந்த ஒருத்தியால் வந்த வினை என்று தோன்றியது. அவளைப் பார்த்து நாலு வார்த்தை கேட்காமல் போவதில்லை என்று கதவைத் தள்ளினார். மனைவி பின்னாலேயே ஓடி வந்தாள்.

வெளித் தாழ்வாரத்தில் உட்கார ஒரு நாற்காலிகூட இல்லை. அம்மாள் சுவரில் சாய்ந்து நின்றபடியே படித்துக்கொண்டிருந்தாள். அவர் வாசித்த அத்தியாயத்தைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தாள்.

"இப்ப திருப்திதானே மேடம்?" என்று கத்தினார் பேராசிரியர்.

அவள் பிரதியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கொஞ்சம் பொறுங்க சார், நல்ல இடத்துல இருக்கேன். இதை முடிச்சுட்டு உள்ள வந்து கை தூக்கறேன்."