பெண் குருவியின் கண்

“பொண்டாட்டிக்குத் தரணுமாம். சரிகை நூல்ல ஜோடிக் குருவி போட்டு ஒரு வாழ்த்து அட்டை. கேக்கும்போதே மனுஷன் உருகிட்டார்,” என்று ஆர்டரைச் சொல்லிவிட்டுப் போனார் கடைக்காரர்.

எம்ப்ராய்டரி மிஷின் முன் உட்கார்ந்தவளுக்கு வயிறு எரிந்தது.

“கேட்டீங்களா? இப்படியும் ஒரு புருஷன் இருக்கான்.”

“ம்,” என்றார் கணவர், செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து.

“இந்த ‘ம்’முக்குத்தான் நான் கழுத்தை நீட்டினேன்.”

ஆண் குருவியை ஒழுங்காகத்தான் தைத்தாள். பெண் குருவியிடம் வந்ததும் கை வேறு கணக்குப் போட்டது. கொடுத்து வைத்தவளுக்கு இருக்கட்டும் என்று அதற்கு மாறுகண் வைத்தாள். துணியென்றால் பிரித்துத் தைக்கலாம். அட்டையில் ஊசி குத்திய ஓட்டை போகவே போகாது.

அந்த வாரமே அவர்களுடைய கல்யாண நாள் வந்தது. கணவர் கூச்சத்தோடு ஓர் உறையை நீட்டினார். பிரித்தாள். உள்ளே ஜோடிக் குருவி.

“வேற யார் தைச்சாலும் நீ குறை சொல்லுவே. அதான் கடைக்காரர்கிட்ட சொல்லி உன்னையே தைக்க வெச்சேன்.”

அவள் பெண் குருவியின் கண்ணைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டாள். கணவர் அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“பெண் குருவி அச்சு அசல் நீயேதான். முறைக்கிறதுகூட அப்படியே இருக்கு.”