அக்கரைச் சேதி

மலையுச்சிக்குக் கீழே, எப்போதும் நீர் கசிகிற புல்வெளியில், நீலப் பூக்கொத்தோடு ஒரு காட்டு லூபின் செடி தன்னந்தனியாக நின்றது. அதன் இனத்தில் அங்கே வேறு யாரும் இல்லை. பள்ளத்தாக்கின் அந்தப் பக்கச் சரிவில் இன்னொரு லூபின் இருப்பதாகக் கிழட்டு வண்டு ஒன்று சொல்லியிருந்தது.

வண்டு தேன் குடிக்க வரும்போதெல்லாம் லூபின் கேட்கும்: "வண்டண்ணே, அவ என்ன சொன்னா?"

"நீ பூத்துட்டியான்னு கேட்டா. அங்கேயும் குளிர் தாங்கலையாம்."

அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டே லூபின் பனியிலும் காற்றிலும் நாட்களை ஓட்டிவிடும்.

ஒரு நாள் மலையாடு ஒன்று மேய வந்து, லூபினின் இலையைக் கடித்து, கசப்பு தாங்காமல் துப்பியது.

"அந்தச் சரிவுல ஒருத்தி இருக்காளே, அவளையும் இப்படித்தான் துப்பினியா?" என்று லூபின் ஆசையாகக் கேட்டது.

"அந்தச் சரிவா? போன மழையிலேயே மொத்தமும் சரிஞ்சு போச்சே. இப்போ வெறும் பாறைதான்," என்று சொல்லிவிட்டு ஆடு நடந்தது.

அன்று முழுக்க லூபின் தலை நிமிரவில்லை. வண்டு வரட்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்வது போல நாலு கேள்வி கேட்கிறேன் என்று காத்திருந்தது.

சாயங்காலம் வண்டு தட்டுத்தடுமாறி வந்தது. ஒரு பக்கத்து இறக்கை கிழிந்திருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே, லூபின் கேட்பதற்கு முன்பே, "இன்னைக்கு உன்னை ரொம்ப விசாரிச்சா," என்றது.

லூபின் அந்தக் கிழிந்த இறக்கையைப் பார்த்தது. பிறகு, வண்டு உட்காரத் தோதாகப் பூக்கொத்தைச் சாய்த்துக் கொடுத்தது.

"உட்காருங்கண்ணே," என்றது. "வேற என்ன சொன்னா?"