கயிற்றுக்கு அடியில் கடைசி வரி

“நம்மாளு,” என்றார் வாத்தி, பீரோவுக்குக் கீழேயிருந்து.

மேல்முனையைப் பிடித்தபடி பின்வாக்கில் படியேறிக்கொண்டிருந்த மச்சான், அவர் மனைவியின் தம்பி, அப்படியே நின்றான்.

“யாரு மாமா?”

மர பீரோவின் முதுகில் பூச்சி அரிக்காமலிருக்க யாரோ பழைய செய்தித்தாளை ஒட்டியிருந்தார்கள். அதில் ஒரு கவிதை. கவிதைக்கு மேலே பெயர். அந்தப் பெயரை மட்டும் வாத்தி எழுத்துக் கூட்டாமலே படித்துவிடுவார்.

ஐம்பது வயதில் எழுத்துப் படிக்கப் போய், அவர் முழுதாக முடித்த ஒரே புத்தகம் அந்தக் கவிஞருடையது. முழுக்க மழை, புல், குருவி. அன்றிலிருந்து கவிஞர் வாத்திக்கு ‘நம்மாளு’. பாரம் தூக்கும் கூட்டத்தில் இவர் ‘வாத்தி’.

கஷ்டம் என்னவென்றால், கேட்கத்தான் ஆளில்லை. மனைவி இரண்டாம் வரியில் குறட்டை விடுவாள். மச்சானுக்கு முதல் வரியிலேயே டீ குடிக்க வேண்டும் போலிருக்கும். ஒரே ஒரு கவிதையை ஒரே ஒரு ஆள் கடைசிவரை கேட்டுவிட்டால் போதும், கட்டை வெந்துவிடும் என்றிருந்தார் வாத்தி.

இன்று மச்சான் எங்கே ஓடுவான்? இரண்டு கையிலும் பீரோ.

“மலையில்… நேற்று… மழை.” ஒரு படிக்கு ஒரு சொல்.

“இங்க முதுகு கழண்டு தொங்குது. உங்களுக்கு மழை கேக்குதா மாமா?”

“ஆறு இன்னும் அறியாது.”

படி திரும்புமிடத்தில் பீரோவைச் சுவரில் இடிக்காமல் திருப்பினார்கள்.

“கரையில் ஒற்றைக் காலில் ஒரு கொக்கு.”

“அதுக்காவது தெரியுமா?”

“இருடா.”

யாரோ ஒரு அம்மா கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். “ஒரு நிமிஷம்மா,” என்றார் வாத்தி. நடுவில் விட்டால் அவர் மறுபடி முதல் எழுத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

“நீரைப் பார்த்தது. மலையைப் பார்த்தது.”

அத்தோடு நிறுத்திவிட்டார்.

“அப்புறம்?”

“கடைசி வரி பீரோவைக் கட்டின கயித்துக்கு அடியில இருக்குடா. இறக்கி வெச்சு அவுத்தாத்தான் தெரியும்.”

அதுவரை முக்கி முனகிக்கொண்டிருந்தவனுக்கு எங்கிருந்து வந்ததோ அந்த வேகம். பின்வாக்கிலேயே ஏறினான் பாருங்கள், வாத்திக்கு நாக்குத் தள்ளிவிட்டது. “வெள்ளம் மட்டும் அந்தக் கொக்கை அடிச்சுட்டுப் போயிருக்கட்டும், நான் சும்மா இருக்க மாட்டேன்,” என்றான். யாரை என்று சொல்லவில்லை.

படிகள் தீர்ந்தன. இறக்கி வைத்தார்கள். முடிச்சு மசியவில்லை. மச்சான் பல்லால் கடித்து அவிழ்த்தான்.

வாத்தி குனிந்து விரலை வைத்துப் படித்தார்.

“அந்தக் காலையும் தூக்கிக்கொண்டது.”

மச்சான் மெல்ல அண்ணாந்து பார்த்தான், கொக்கைத் தேடுகிறவன் மாதிரி.

மேலே கூரை இல்லை. சுற்றிலும் துணி காயும் கொடிகள், ஒரு தண்ணீர்த் தொட்டி, மற்றதெல்லாம் வானம்.

மூன்று மாடிக்குக் கீழே, கதவைத் திறந்து பிடித்திருந்த அந்த அம்மாவின் குரல் கேட்டது.

“ஏம்ப்பா, என் பீரோவை எங்கப்பா கொண்டுபோறீங்க?”

வாத்தி கண்ணை இறுக மூடிக்கொண்டார். மச்சான் வாயில் என்னென்ன வரும் என்று அவருக்குத் தெரியும்.

ஒன்றும் வரவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தபோது அவன் கயிற்றைக் கடைசி வரிக்கு இரண்டு விரற்கடை தள்ளிக் கட்டிக்கொண்டிருந்தான்.

“இறங்கும்போது முதல்லேர்ந்து படிங்க மாமா.”